பிரேக் சாரின் சிறுமூளை

தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று ஒரு மனுஷி வாழ்நாளில் எத்தனை தடவை நினைக்கலாம்? மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டில் ஒன்று, ஆஸ்பத்திரி வார்டில் ஒன்று என்று அளவோடு வரும். என் ஆயுளுக்கான மொத்தப் பங்கையும் ஒரே ஆள் கொடுத்துத் தீர்த்துவிட்டார். கூட இருப்பவரை வெட்கப்பட வைப்பதில் அவரைப் போலத் திறமைசாலி குலசேகரத்தில் இதற்கு முன் வாழ்ந்ததில்லை. வேண்டுமானால் எங்கள் தெரு ரப்பர் மரங்களைக் கேட்டுப் பாருங்கள், அவையே தலைகுனிந்துதான் நிற்கும்.

அவர் எங்கள் வீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்தவர். கருங்கல் ஊர்ப் பக்கத்து ஆள். வெளிநாட்டில் பல வருடம் மூளை ஆராய்ச்சி செய்துவிட்டு, அங்கே வேலை முடிந்ததும் மிச்ச வேலையைக் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம் என்று ஊர் திரும்பியிருந்தார். "சத்தமில்லாத இடம் வேணும் டீச்சர்" என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறவள். மூளை விஞ்ஞானி ஒருவர் என் வீட்டு மாடியில் என்றதும், வாடகை எவ்வளவு என்று என் கணவர் வாய் திறப்பதற்குள் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பெயர் வைத்தது டீக்கடைக்காரர். வந்த அன்றே "சாருக்கு என்ன ஜோலியாக்கும்?" என்று கேட்டிருக்கிறார். இவரும் ஆர்வமாக, "பிரேக்கு! பிரேக்கைப் பத்தியாக்கும் படிக்கேன். மூளையில ஆக்சிலேட்டர் எல்லாம் பெரிய விஷயமே இல்ல. நிறுத்துகதுக்குன்னே சில நரம்புச் செல்லு இருக்கு, கேட்டியளா..." என்று தொடங்கியிருக்கிறார். டீக்கடைக்காரர் முதல் வார்த்தையோடு பால் பொங்குவதைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வாரமே திற்பரப்பு ரூட்டில் ஓடும் ஒரு ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "பிரேக் சாரு உண்டா? இறக்கத்துல சவிட்டினா பிடிக்கமாட்டேங்குது" என்றார். நான் விளக்கம் சொல்வதற்குள் சார் மாடியிலிருந்து இறங்கிவந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஜீப்புக்கு அடியில் படுத்துவிட்டார். அவருக்கு பிரேக்கின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அடியில் படுத்தபடியே, மூளையின் பின்பக்கம் சிறுமூளை என்று ஒன்று இருப்பதையும், உடம்பின் ஒவ்வொரு அசைவையும் எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும் என்று அது கணக்குப் பார்ப்பதையும் டிரைவருக்கு விளக்கினார். தெருவே கூடிவிட்டது. கடைசியில் டிரைவர் என் கணவர் தங்கராஜிடம் ரகசியமாகச் சொன்னார்: "அண்ணே, இந்தாளுக்கு பிரேக்கைப் பத்தி ஒரு மண்ணும் அறிஞ்சூடா."

நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது ஆரம்பம்தான்.

நேரத்தைப் பற்றி ஆராய்ந்த மனிதருக்கு நேரம் மட்டும் கைகூடவே இல்லை. யாராவது ஒரு நகைச்சுவை சொன்னால் அவர் முகத்தில் அசைவே இருக்காது. மற்றவர்கள் சிரித்து முடித்து வேறு பேச்சுக்குப் போன பிறகு திடீரென்று வெடித்துச் சிரிப்பார். பஸ்ஸில் கேட்ட நகைச்சுவைக்கு ஒருமுறை சாவு வீட்டில் சிரித்தார். சவப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். அவரை அங்கே அழைத்துப் போனது நான்.

இன்னொரு நாள், சபைப் பெண்கள் ஐக்கியத்து அம்மாமாரோடு ஜெபக்கூட்டம் முடிந்து கையில் வேதப்புத்தகத்துடன் மெயின் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். மதுக்கடை முன்னால் ஒரே கூட்டம். நடுவில் பிரேக் சார். உள்ளேயிருந்து வருகிறவர்களை நிறுத்தி, ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ் மப்டியில் வந்திருக்கிறது என்று நினைத்துச் சிலர் வாழைத்தோப்புக்குள் ஓடினார்கள். சிலர் பயபக்தியோடு நடந்து காட்டினார்கள். ஒருவர் நேராக நடந்து சாக்கடையில் இறங்கினார்.

நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். அவர் கண்ணில் பட்டுவிட்டேன்.

"டீச்சர்! டீச்சர்! இங்கோட்டு வாருங்க! சாராயம் போனா சிறுமூளையில அடக்குத செல்லுக்குக் கொண்டாட்டம். அதுக்க பிடி இறுகும், சிக்னல் எல்லாம் மங்கிப்போவும். இன்னா பாருங்க, இந்த அண்ணன் உங்களுக்கு நடந்து காட்டுவாரு!"

அந்த அண்ணன் என் மாணவி ஒருத்தியின் அப்பா. அவர் எனக்கு வணக்கம் வைத்தார். ஐக்கியத்து அம்மாமார் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு ஜெபக்கூட்டத்துக்கான விஷயம் இருந்தது.

ஆனால் இதெல்லாம் என் கணவரின் கண்சிமிட்டலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சிறுமூளை நேரத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று காட்ட ஒரு பழைய சோதனை உண்டாம். முதலில் ஒரு ஒலி. சற்று இடைவெளி. பிறகு கண்ணில் மெல்லக் காற்று. காற்று பட்டால் யாரும் கண்ணை மூடுவார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கொஞ்ச நாளில் காற்றே வேண்டாம், ஒலி கேட்டாலே கண் மூடும். அதிலும் அதிசயம், ஒலி கேட்ட உடனே மூடாது. காற்று எப்போது வர வேண்டுமோ, சரியாக அந்தக் கணத்தில் மூடும். "அந்த இடைவெளியை யாரு பிடிச்சு வச்சிருக்கா? அதாக்கும் என் கேள்வி" என்றார் சார்.

என் கணவர் ரப்பர் ஷீட் வியாபாரி. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதில் அவருக்கு ஒரு குறை உண்டு. "நம்ம மூளையும் விஞ்ஞானத்துக்கு ஒதவட்டும், ஏட்டி" என்று தானே போய் உட்கார்ந்தார். சார் எங்கள் வீட்டு இசைக் கீபோர்டில் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்துவார். பிறகு கேமராவைத் தூசி தட்டும் ரப்பர்க் குமிழால் இவருடைய வலது கண்ணில் காற்றை ஊதுவார். தினமும் மாலையில், காப்பி ஆறும் வரை. நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வர வேண்டிய புத்தி அப்போது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் கீபோர்டு வாசிக்கிற பையன் சுருதிக்காக ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பான். அது அதே ஸ்வரம். ஒரு நொடி கழித்து என் கணவர் கண்ணை மூடினார். காற்று வாங்கிப் பழகிய வலது கண் கூடுதலாக இறுகியது. எதிரே பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றது போதகரம்மா.

முதல் பாட்டில் அந்த அம்மா குழம்பினார். இரண்டாம் பாட்டில் சேலையைச் சரிசெய்துகொண்டார். மூன்றாம் பாட்டில் போதகரே பாட்டுப் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு என் கணவரைப் பார்த்தார். கீபோர்டு ஒலித்தது. என் கணவர் போதகரைப் பார்த்தும் கண் சிமிட்டினார்.

வீட்டுக்கு வந்து நான் மாடிப்படியில் ஏறின வேகத்தில் படியே அதிர்ந்தது. சார் கதவைத் திறந்தார். நடந்ததைச் சொல்லி, "இனி நான் அந்தக் கோயிலுக்குள்ள எப்படிக் கால் வைக்க?" என்று அழாத குறையாகக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"சரியா ஒரு நொடி கழிச்சா சிமிட்டினாரு? முந்தலையே? பிந்தலையே?"

பிறகு அவரே போதகர் வீட்டுக்குப் போய், மன்னிப்புக் கேட்டு, கையோடு கொண்டுபோன ரப்பர்க் குமிழால் செய்து காட்டவும் முன்வந்தாராம். போதகரம்மா காப்பி கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் பள்ளி அறிவியல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாம் என்று நான் சொன்னேன். காரணம் இருந்தது. அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை வெளிநாட்டில் ஒரு பெரிய பத்திரிகை ஏற்றுக்கொண்டிருந்தது. அதை வைத்து வடக்கே ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலையும் கிட்டத்தட்ட உறுதி. ஊர் சிரித்த மனிதரை ஊர் நடுவில் மேடையேற்ற வேண்டும், என் வெட்கமெல்லாம் ஒரே நாளில் வட்டியோடு தீர வேண்டும் என்று எனக்கு வைராக்கியம்.

விழா நாளில் அரங்கு நிறைந்திருந்தது. பெற்றோர் வந்திருந்தார்கள். ஜீப் டிரைவர்கூட வந்திருந்தார், அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. பொன்னாடை தட்டில் மடித்துத் தயாராக இருந்தது.

சார் அன்று அற்புதமாகப் பேசினார். "சிறுமூளையில புர்கிஞ்சி செல்லுன்னு ஒண்ணு உண்டு. அது ஒரு காவக்காரன். எப்பவும் கேட்டை மூடிப் பிடிச்சிட்டு, 'போவாத, போவாத'ன்னு சொல்லிட்டே இருக்கும். அந்தக் காவக்காரனையே அதட்டி வாயடைக்கதுக்கு வேற சின்னச் செல்லுவ உண்டு. அவன் ஒரு நிமிஷம் வாயடைச்சா கேட்டு திறக்கும், உங்க கண்ணு சிமிட்டும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். மேடையில் ஒரு வாளியை வைத்தார். அடியில் ஓட்டை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தச் சின்னச் செல்லுக்க தோல் இந்த வாளி மாதிரி. மின்சாரம் வெள்ளம் மாதிரி வந்து நிறையும், ஓட்டை வழியா ஒழுகவும் செய்யும். ரொம்பினாத்தான் அது அதட்டும். ஓட்டை சின்னதா இருந்தா, பையப் பைய வாற வெள்ளத்தையும் சேத்து வச்சு, தாமசமா ரொம்பும். ஓட்டை பெருசா இருந்தா, ஒரே நேரத்துல நிறைய வந்தாத்தான் ரொம்பும், சட்டுனு காலியாவும். இந்தச் செல்லு மந்தமான வாளியாக்கும். அந்த இடைவெளியைப் பிடிச்சு வைக்கதுல பெரிய பங்கு இந்த மந்தத்துக்கு. இதை நான் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கேன்."

கைதட்டல். நான் ஓரக்கண்ணால் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குள் ஏதோ நிமிர்ந்தது.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறிகள் நின்றன. அரங்கு வெந்தது. பிள்ளைகள் "உஸ்... புஸ்..." என்றார்கள். சார் அவர்களைச் சமாதானப்படுத்தச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சூடு நல்லதாக்கும் மக்கா! சூட்டுல நரம்பெல்லாம் கூடுதல் வேகமா வேலை செய்யும். செல்லுக்க தோலுல உள்ள வாசலெல்லாம் சட்டுசட்டுனு..."

நின்றுவிட்டார்.

வழக்கம்போல ஏதோ பழைய நகைச்சுவைக்குச் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது.

"நான் தப்பாக்கும் சொன்னது" என்றார், மைக் இல்லாத மெல்லிய குரலில். "அந்த அளவெல்லாம் மூளைத் துண்டைக் குளிர வச்சு எடுத்தது. உயிரோட உள்ள மூளை சூடு. நான் அதை மாத்தாமலே கணக்குல போட்டாச்சு. மந்தம் செல்லுக்க மந்தம் இல்ல. குளிருக்க மந்தம். கைதட்டினிய இல்லியா, அதைத் திருப்பி எடுத்துக்கிடுங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வாளி மடியில் இருந்தது. மிச்சத் தண்ணீர் ஒழுகி அவருடைய கால்சட்டை நனைந்துகொண்டிருந்தது. அதையும் ஊர் பார்த்தது.

தலைமையாசிரியை என் காதருகே குனிந்தார். "டீச்சர், பொன்னாடை போத்தவா, வேண்டாமா?"

"போத்துங்க" என்றேன். போர்த்தினார்கள். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிப் பேர் தட்டினார்கள், பாதிப் பேர் அடுத்தவரைப் பார்த்தார்கள். வெளியே வரும்போது ஜீப் டிரைவர் சத்தமாகவே சொன்னார்: "நல்ல பிரேக்கு! நட்ட நடு ரோட்டுல நின்னுட்டு!"

மறுநாள் மழையில் மாடிக்கு வரும் இணைய வயர் அறுந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்த தன் பேராசிரியையுடன் பேச சார் எங்கள் ஹாலுக்கு வந்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாரம், அதாவது கைலி. திரையில் சட்டை மட்டும்தானே தெரியும்.

சாருக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் என் கணவர் தோசை தின்றுகொண்டிருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். சார் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அந்த அம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. அமைதியாக, வேறு யாரெல்லாம் இதைச் சரிபார்த்தார்கள் என்று கேட்டார். சார் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். "வேறு யாருமில்லை. தப்பு என்னுடையது" என்றார். எழுந்ததில் திரை முழுவதும் நீலக் கட்டம் போட்ட சாரமும், பின்னால் தோசையோடு வாயைத் திறந்தபடி என் கணவரும்.

அழைப்பு முடிந்தது. சார் கட்டிய கையை எடுக்கவில்லை.

"சார், உக்காருங்க. அவங்க போயாச்சு" என்றார் என் கணவர். சார் கொஞ்சம் தாமதமாகத்தான் உட்கார்ந்தார்.

"வடக்கே உள்ள வேலை?" என்று கேட்டேன்.

"அது இந்தக் கட்டுரையை வச்சாக்கும் டீச்சர். இனி இல்ல."

என் கணவருக்குத் தாங்கவில்லை. "சார், கரண்டு போகலேன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. நீங்க வாயத் திறக்கலேன்னா எந்தப் பய கண்டுபிடிக்கப் போறான்?"

"நான் கண்டுபிடிச்சாச்சே, அண்ணே" என்றார் சார். பிறகு மேசையைப் பார்த்தபடி, "நாணக்கேடா இருக்கு. தப்புப் போனதுக்கு இல்ல. அந்தப் பிள்ளைய முகத்தப் பாத்துச் சொல்லியாச்சு பாருங்க, அதாக்கும். தெரியும்னு சொல்லிச் சொல்லியாச்சு" என்றார்.

அவரால் எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறேன். அவர் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன். என்னுடையதெல்லாம் வெட்கமே இல்லை, வெறும் கௌரவக் குறைச்சல் என்று அப்போது தோன்றியது.

அதன்பின் அவர் கீழே இறங்குவது குறைந்தது. சோற்றைப் படியில் வைத்துவிட்டு வருவேன். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். டீக்கடையில் அவரைப் பற்றிச் சிரித்தார்கள். சில வாரத்தில் அதுவும் அலுத்து, வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் போய் ஒரு மாலை, நாங்கள் குடும்ப ஜெபத்தில் முழங்காலில் இருந்தோம். கதவு தடாலென்று திறந்தது. சார், தாடியோடு. "டீச்சர்! அது காத்து நிக்காது! வெட்டும்!"

என் கணவர் முழங்காலோடு முழங்காலாகச் சுவர் வரைக்கும் பின்வாங்கினார். கத்தி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு எழுந்தார்.

சார் மூச்சு வாங்கச் சொன்னார். உடம்புச் சூட்டுக்குக் கணக்கை முழுக்கத் திரும்பப் போட்டிருக்கிறார். அந்தச் சின்னச் செல் மந்தமானதே இல்லை, படுசுறுசுறுப்பு. பெரிய ஓட்டை வாளி. அது நேரத்தைச் சேர்த்து வைப்பதில்லை. "ஒரு சிக்னல் வந்து காவக்காரனைத் தட்டும். அதே சிக்னல் இந்தச் செல்லையும் தட்டும். இது உடனே ஓடிவந்து காவக்காரன அடக்கிரும். தட்டுகதுக்கும் அடக்குகதுக்கும் நடுவுல ஒரு சின்ன இடவெளி. அதுக்குள்ள வந்தது மட்டும் எடுபடும். பிந்தி வந்ததெல்லாம் வெட்டு! அந்த இடவெளி குறுகக் குறுக நேரம் கூர்மை. செல்லு சுறுசுறுப்பா இருக்கப்போயித்தான் அது நடக்கும்!"

"அப்ப அந்த ஒரு நொடி இடைவெளியை யாரு சார் பிடிச்சு வச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அது எனக்கு அறிஞ்சூடா!" என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு எங்களோடு முழங்காலில் உட்கார்ந்தார். நாங்கள் ஜெபத்தை முடித்து எழுந்த பிறகு "ஆமென்" என்றார்.

திருத்திய கணக்கு சின்னக் கட்டுரையாக ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. பெரிய வேலை கிடைக்கவில்லை. வெகு தூரத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது. போகும் முன் என்னிடம் கேட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு வந்து, சொன்னது எங்கே தப்பு, சரி எது என்று வாளி இல்லாமல் விளக்கிவிட்டுப் போனார். களியக்காவிளை பஸ்ஸில் ஏற்றிவிட நாங்கள் இரண்டு பேரும் போனோம். பஸ் நகர்ந்து வளைவு திரும்பும் நேரத்தில்தான் அவருக்குக் கையாட்டத் தோன்றியது. நாங்கள் பார்த்தது கையை மட்டும்தான்.

இப்போதும் போன் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. சரியாகப் போதகர் பிரசங்கத்தில் குரலைத் தாழ்த்தும் நேரம் பார்த்து என் கைப்பையில் மணி அலறும். கோயிலே திரும்பிப் பார்க்கும். போதகரம்மா பெருமூச்சு விடுவார். என் காது வரைக்கும் சூடேறும். போனைச் சைலன்டில் போட்டுவிட்டுப் போ என்று வாராவாரம் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் எனக்கு மனம் வருவதில்லை.